எட்னா ஓடட்டும்

நார்மனின் வேலை உடுப்பைத் துவைக்கப் போடும் முன் பைக்குள் கை விட்டுப் பார்ப்பது என் பழக்கம். நட்டு, வாஷர், எண்ணெய் ஊறிய துணி, பாதி தின்ற புதினா மிட்டாய் என்று ஏதாவது கிடைக்கும். அந்தக் குளிர்காலம் முழுக்க மஞ்சள் சாக்பீஸ்தான் கிடைத்தது. ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைவிடச் சிறியதாக இருக்கும். அது தேயத் தேய எனக்குக் கால் வலித்தது.

காரணம் இதுதான். எட்னா என்பது ஒரு நீராவி எஞ்சின். ஒரு காலத்தில் சுரங்கத்தில் நிலக்கரி இழுத்தவள். பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்தவளை நார்மனும் அவன் நண்பர்களும் சேர்ந்து வாங்கி, எங்கள் பள்ளத்தாக்கில் மூடிக் கிடந்த கிளைப்பாதைக்குக் கொண்டுவந்தார்கள். அது எனக்கும் அவனுக்கும் அறிமுகம் ஆவதற்கு முன்பே நடந்தது. ஸ்டேஷன் டீக்கடையில் நான் தட்டு கழுவிக்கொண்டிருக்கும்போது, "எட்னா உங்க புருஷனுக்கு ரெண்டாவது பொண்டாட்டியாமே?" என்று சுற்றுலா வருபவர்கள் கேட்பார்கள். எல்லோரும் தாங்கள்தான் முதலில் கேட்பதாக நினைத்துக்கொள்வார்கள். நானும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரித்துவைப்பேன். உண்மையில் ரெண்டாவதாக வந்தவள் நான்தான்.

எங்கள் மகள் அலிசனின் கல்யாணத்தன்று அவளைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனது எட்னா இழுத்த வண்டி. அப்பா எஞ்சினில், மகள் வெள்ளை உடையில் முதல் பெட்டியில், நான் என் புதுத் தொப்பியில் கரி விழாமல் கையால் மூடிக்கொண்டு அவள் பக்கத்தில். அந்தக் கோடையோடு எட்னாவின் பாய்லர் அனுமதி முடிந்தது. பழுதுபார்க்க அவளைப் பிரித்துப் போட்டார்கள். அப்போது நார்மன் சொன்னான்: "இவளை மறுபடி ஓட்டிப் பார்த்துடறேன் தெல்மா. அதுக்கப்புறம் நீ எங்க சொல்றியோ அங்க போயிடலாம்." அலிசனின் மகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது. தெருவிலிருந்து வாசலுக்குப் படி, வாசலிலிருந்து படுக்கையறைக்குப் படி. என் முழங்கால்கள் இரண்டும் எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டன. நான்தான் ஏற்றுக்கொள்ளாமல் இழுத்துக்கொண்டு இருக்கிறேன். அலிசன் தன் கணவன் கிரெய்க்கோடு தெற்குக் கோடியில், ஃபால்மத்தில், கடலைப் பார்த்த வீட்டில் இருக்கிறாள். எங்களுக்காகவே கீழ்த்தளத்தில் படியில்லாத இரண்டு அறைகள் கட்டிவைத்திருக்கிறாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் அவளிடமிருந்து போன் வந்தது.

"மா, கோச்சுக்காத. கிரெய்க்கோட அம்மா குளியலறையில விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு. தனியா விட முடியாது. நீங்க வர்றதா இருந்தா அவங்களுக்கு வேற ஏற்பாடு பண்ணுவோம். வரலைன்னா அந்த ரூமை அவங்களுக்குக் குடுக்கணும். ஈஸ்டருக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு."

"அப்பாவோட எஞ்சினுக்கு அடுத்த வாரம் ஆய்வாளர் வர்றார். பாஸாயிட்டா உடனே கிளம்பிடுவோம்."

"மா, இதையேதான் கிறிஸ்துமஸுக்கும் சொன்னே."

"இந்தத் தடவை நிஜமா."

"அப்பவும் இதையேதான் சொன்னே," என்றாள் அலிசன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆய்வு கிறிஸ்துமஸுக்கு முன் தள்ளிப்போனதும், பிறகு பிப்ரவரியில் தள்ளிப்போனதும் அந்த மஞ்சள் சாக்பீஸால்தான். எஞ்சினில் நெருப்பு எரியும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் சுவரையும் பாய்லரின் வெளிச்சுவரையும் நூற்றுக்கணக்கான சிறிய தண்டுகள் பிடித்து நிறுத்துகின்றன. எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்து முடிந்ததும் அந்த எஞ்சினை முதலில் ஓட்டப்போகிறவர் அந்தப் பெட்டிக்குள் இறங்கி, ஒவ்வொரு தண்டையும் சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். சத்தம் சரியில்லாததற்குச் சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டம் போட்டதை அறுத்து எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. ஆவி ஏறிய பிறகு அந்த இரும்புக்கு எதிரே நிற்கப்போவது அவர் உடம்பு, எனவே கேட்பது அவர் காது. கிறிஸ்துமஸுக்கு முன்பும் நார்மன் வட்டம் போட்டான், பிப்ரவரியிலும் போட்டான். ஒவ்வொரு வட்டமும் எனக்குச் சில வாரங்களை விழுங்கியது.

ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் மழை. நான் பேக்கன் ரொட்டியும் பிளாஸ்க்கில் டீயும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். டக் கையிரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுப்பு ஓரம் நின்றிருந்தான். ஓய்வுபெற்ற தபால்காரன். நார்மனுக்கு எட்னாவை வாங்கிய நாளிலிருந்து கூட்டாளி.

"வா தெல்மா. உன் வீட்டுக்காரன் உள்ள போய் ரொம்ப நேரமாச்சு. அடைகாக்கறானா என்னன்னு தெரியல."

"குஞ்சு பொரிச்சா சொல்லு, ஒண்ணு நான் எடுத்துக்கறேன்," என்றேன்.

கில்லியன் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், விடுமுறை நாட்களில் இங்கே வந்து மற்ற எஞ்சின்களை ஓட்டுகிறவள். என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"தெல்மா, தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவை நார்மன் வட்டம் போட்ட தண்டுகளை அறுத்து எடுத்தோமில்லையா? ஒண்ணுல கூட விரிசல் இல்ல."

"ஒண்ணுல கூடவா?"

"புதுசு மாதிரி இருந்துச்சு. நான் கேக்கலாம்னு போனேன், டக் விடல."

"ஏன் டக்?"

டக் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னான். "அவன் எஞ்சின். அவன் காது. நான் என்னத்தச் சொல்றது? அவன்கிட்டப் போய், 'உனக்குக் காது போயிடுச்சு கிழவா'ன்னு சொல்லணுமா? நீ சொல்லு, நான் இங்க நின்னு வேடிக்கை பாக்கறேன்."

எட்னாவில் டிரைவர் நிற்கும் மேடையில் நான் ஏறினேன். ஏறினேன் என்று எழுதுவது சுலபம். டக் பின்னாலிருந்து தாங்க, நான் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரு பியானோவை மாடிக்கு ஏற்றுவதுபோல என்னை ஏற்றினோம். டக் அடுப்புக்குத் திரும்பிவிட்டான். நெருப்புப் பெட்டிக்குள் நிலக்கரி அள்ளிப்போடும் வட்ட வாயின் எதிரே, நார்மன் உட்காரும் பலகையில் உட்கார்ந்தேன். இரும்பு குளிர்ந்திருந்தது. உள்ளே கைவிளக்கின் வெளிச்சம் அசைந்தது. அவன் பூட்ஸ் ஒன்று மட்டும் தெரிந்தது.

டிங்.

டிங்.

டிங். பிறகு சாக்பீஸ் உரசும் சத்தம்.

நான் டீக்கடைக்காரி. கழுவி அடுக்கும்போது ஒவ்வொரு கோப்பையையும் நகத்தால் சுண்டிப் பார்ப்பேன். நல்ல கோப்பை மணிபோலச் சொல்லும், விரிசல் விட்டது தொண்டை கட்டியதுபோலச் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூட விரல் கண்டுபிடித்துவிடும். அங்கே உட்கார்ந்து கேட்டபோது எல்லாம் மணியாகவே ஒலித்தது. வட்டம் போட்டதும் மணி, போடாததும் மணி.

"நார்மன்."

சுத்தியல் நின்றது. "டீயா?"

"டீ அப்புறம். கடைசியா தட்டினியே, அதை இன்னொரு தடவை தட்டு."

"எதுக்கு?"

"தட்டேன்."

டிங்.

"நல்லாத்தானே இருக்கு?"

"அது உள்ள இருக்கறவனுக்குத்தான் தெரியும், கண்ணு."

"கண்ணு கிண்ணுன்னு கொஞ்சாத. வாழ்நாள் பூரா கோப்பை கழுவினவ நான். விரிசல் சத்தம் எதுன்னு எனக்குச் சொல்லித்தராத. அதுக்கு ஏன் வட்டம் போட்டே?"

கூரைத் தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.  எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது களைப்புதான். சாயங்காலம் கடையைக் கூட்டி முடித்து விளக்கை அணைக்கும்போது வருமே, அந்தக் களைப்பு.

"ஃபால்மத் போக இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லிடு. நான் அழுவேன், ரெண்டு நாள் பேசமாட்டேன், அப்புறம் டீ போட்டுத் தருவேன். இத்தனை வருஷத்துல பாத்ததுதானே? அதுக்காக டக்கை இந்தக் குளிர்ல மல்லாக்கப் படுக்கவெச்சு நல்ல இரும்பை அறுக்கவெக்காத."

"போக இஷ்டமில்லன்னு யார் சொன்னா?"

"பின்ன?"

பூட்ஸ் நகர்ந்தது. அவன் முகம் அந்த இரும்பு வாய்க்கு அருகில் வந்தது. கரி அப்பிய முகத்தில் கண்கள் மட்டும் தனியாகத் தெரிந்தன. அவை என்னைப் பார்க்காமல், எனக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகப் பார்த்தன.

"எட்னா ரெடியாயிட்டா நான் டாக்டர்கிட்டப் போகணும். மறுபடி ஓட்டறதுக்குச் சர்டிபிகேட் வேணும்."

"சரி, போகவேண்டியதுதானே?"

"நீ அலிசன் வீட்டுக்குப் போயிருந்தப்பவே கண்ணைக் காட்டிட்டேன். ஓரத்துல இருக்கறதெல்லாம் போயிடுச்சு தெல்மா. நடுவுல மட்டும் ஒரு குழாய் வழியாப் பாக்கற மாதிரி தெரியுது. போனது இனிமே வராதாம். இருக்கறதைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து."

"அது கரித்தூசிக்குன்னு சொன்னியே."

"சொன்னேன்."

அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முதுகு வலி என்று காரின் சாவியை என்னிடம் கொடுத்தது. எட்னாவைக் கவனிக்கணும் என்று மற்ற எஞ்சின்களை ஓட்டுவதை விட்டது. அடுக்களைக் கதவில் தினமும் தோள் இடித்துக்கொண்டு, கதவைத் திட்டுவது. ஒருநாள் டீக்கோப்பையை மேசை விளிம்புக்கு வெளியே வைத்தது. நான் துடைத்தபடியே, "வயசாச்சு உனக்கு," என்றேன். அவன், "ஆமா," என்றான். அதோடு முடிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிஜமாயிடுமே." அவன் சுத்தியலைத் தொடையில் தேய்த்தான். "இவ பிரிஞ்சு கிடக்கற வரைக்கும் நான்தான் இவளோட டிரைவர். யாராவது கேட்டா, 'எட்னா எழுந்திரிக்கட்டும், ஏறிடறேன்'னு சொல்லலாம். இவ எழுந்து நின்னுட்டா நான் கீழ பிளாட்ஃபாரத்துல நிக்கணும்."

"நான் இத்தனை வருஷமா பிளாட்ஃபாரத்துலதான் நிக்கறேன், நார்மன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சொன்ன பிறகு எனக்கும் பாவமாகப் போய்விட்டது. "குளிரும். ஆனா நிக்க முடியும். கூட ஆளிருந்தா நல்லாவே நிக்கலாம்," என்றேன்.

 பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி அந்த வாய் வழியாக நீட்டினேன். அவன் கை அதைத் தேடி வந்தது. முன்பெல்லாம் அதை ஏன் கவனிக்கவில்லை என்று தெரியவில்லை. அவன் விரல்களைப் பிடித்துக் கோப்பையின் மேல் வைத்தேன். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அழிச்சிடு," என்றேன். "இன்னிக்குப் போட்டதையெல்லாம்."

துணியை எடுத்துச் சுவரைத் துடைக்கத் தொடங்கினான். வட்டம் ஒருபுறம் இருக்க, அவன் கை வேறெங்கோ துடைத்துக்கொண்டிருந்தது. தானே போட்ட வட்டத்தை அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் விளக்கை வாங்கி, கையை உள்ளே விட்டு உயர்த்திப் பிடித்தேன்.

"இன்னும் இடது பக்கம். அவ்ளோ இல்ல, திரும்பி வா. மேல. அதேதான்."

துடைத்தான்.

"இப்ப அதுக்கு நேர் கீழ. உன் முழங்காலுக்குப் பக்கத்துல."

"இதுவா?"

"அது உன் முழங்கால்."

அவன் சிரித்துவிட்டான். அந்தப் பெட்டிக்குள் சிரிப்பு மணியடித்ததுபோலச் சுற்றி வந்தது. நானும் சிரித்தேன். கன்னம் நனைந்திருந்தது. துடைக்கக் கை காலி இல்லை.

கடைசியாக வலப்பக்க மூலையில் ஒரு வட்டம் மிஞ்சியது. துணியைக் கொண்டுபோனவன் நிறுத்திவிட்டான்.

"இது எந்த இடம்? மூலைக்குப் பக்கத்துலயா?"

"ஆமா."

"இது வேற மாதிரி, தெல்மா." சுத்தியலை எடுத்துத் தட்டினான்.

தொண்டை கட்டிய சத்தம் வந்தது.

மறுபடியும் தட்டினான். சந்தேகமே இல்லை. அந்தச் சத்தம் வந்தால், என் கடையில் அந்தக் கோப்பை குப்பைக்குத்தான் போகும்.

"இதுதான் நிஜம்," என்றான். "மத்தது எல்லாம் என் சாக்பீஸ். இது மட்டும் எட்னா."

 விளக்கைப் பிடித்த கை வலித்தது. அந்த ஒரு வட்டம் நின்றால் நாளைக்கு ஆய்வாளர் வர மாட்டார். தண்டை அறுத்து, புதிதாகச் செய்து, பொருத்தி, மறுபடி நாள் கேட்டு வாங்குவதற்குள் ஈஸ்டர் போய்விடும். கிரெய்க்கின் அம்மா அந்த அறைக்கு வந்துவிடுவாள். பாவம், அவளுக்கும் இடம் வேண்டும். அதை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. டக் அடுப்பருகே நிற்கிறான். ஒரு தண்டுதானே, நூற்றுக்கணக்கில் ஒன்று. அவன் துணியை வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் 'அழி' என்று சொன்னால் அழித்திருப்பானா என்று இன்றுவரை அவனைக் கேட்டதில்லை.

நார்மன் இல்லாவிட்டால் எட்னாவை ஓட்டப்போகிற கில்லியனை நினைத்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு கை தூரத்தில்தான், நெருப்புக்கு எதிரே அவள் நிற்பாள். அவளுக்கும் ஒரு வீடு உண்டு, அவள் துணியைத் துவைக்கிறவர் ஒருவர் உண்டு.

"அதை விட்டுடு," என்றேன்.

நார்மன் துணியை மடித்துப் பையில் வைத்தான். "வெளிய இழு என்னை," என்றான்.

அவன் தோள் அந்த வாயில் சிக்கி, திரும்பி, பெருமூச்சு விட்டு, ஒருவழியாக வெளியே வந்தது. இறங்கும்போது என் கையை விடவில்லை. அடுப்பருகே போய், மூச்சு வாங்கியபடி சொன்னான்:

"டக், வலது மூலையில ஒண்ணு போயிருக்கு. ஆய்வாளருக்குப் போன் பண்ணி நாள் மாத்திக்கோ."

டக் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். "நானும் கேட்டேன் டக். அது நிஜம்."

"மத்ததுக்கு நான் போட்டதெல்லாம் பொய் வட்டம்," என்றான் நார்மன். "போன தடவையும். எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு. ஓட்ட முடியாது. அதான்."

டக் வெகுநேரம் கையைத் தேய்த்தான். "அதான் போன மாசம் என் காலை மிதிச்சிட்டு ஒரு சாரி கூட சொல்லாமப் போனியா? திமிருன்னு நினைச்சேன் கிழவா. வீட்டுல போய்த் திட்டினேன் உன்னை."

"திட்டினது திட்டினதாவே இருக்கட்டும்."

"அந்தத் தண்டெல்லாம் நான் அறுத்தது குளிர்ல."

"தெரியும்."

"ஒரு கிறிஸ்துமஸ் பூரா."

"தெரியும்டா."

"தெரிஞ்சா சரி," என்றான் டக். போய் அடுப்பில் இன்னொரு கட்டையைப் போட்டான். அதற்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

நார்மன் சுத்தியலைக் கில்லியனிடம் நீட்டினான். கைப்பிடி அவன் உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்ந்திருந்தது. அவள் உடனே வாங்கவில்லை.

"நீ ஓட்டப்போறே. நீ தட்டிக் கேளு, எல்லாத்தையும். நான் சொன்னேன்னு எதையும் நம்பாத."

"நான் வட்டம் போட்டா நீங்க எதிர்த்துப் பேசுவீங்களா?"

"நிச்சயமாப் பேசுவேன்."

"வழக்கம் அது இல்லையே."

"வழக்கத்தை நான்தான் ஏற்கெனவே கெடுத்துட்டேனே," என்றான். அவள் சுத்தியலை வாங்கிக்கொண்டாள். நாங்கள் கதவைத் தாண்டும்போது உள்ளே தட்டும் சத்தம் ஆரம்பித்திருந்தது. நார்மன் நின்று கேட்டான். "மெதுவாத் தட்டறா," என்று முணுமுணுத்தான். "பரவால்ல. கேக்கறா."

காரை நான்தான் ஓட்டினேன். கண்ணாடியில் மழை வழிந்தது. பாலத்தைத் தாண்டியதும் அவன், "இவளுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும்," என்றான்.

"ஆகட்டும்."

"அதுவரைக்கும் அலிசன் காத்திருக்க மாட்டா."

"மாட்டா. நான் என்ன பண்ணட்டும்? வாக்கு குடுத்தது நீ. எட்னா ஓடட்டும்னு சொன்னது நீ."

"எட்னா ஓடுவா. நான் இல்லாமலும் ஓடுவா." ஜன்னல் பக்கம் திரும்பினான். அங்கே அவனுக்கு என்ன தெரிந்ததோ. "அவ ஓடறதைப் பாக்க நான் இங்க இருக்கணுமா என்ன? பாக்கறதுக்குத்தான் கண்ணில்லையே. கேக்கணும், அவ்ளோதான். டக் அவ பக்கத்துல போனைப் பிடிப்பான்."

வீட்டுக்கு வந்ததும் அவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. போனை எடுத்து என்னிடம் கொடுத்து, "நம்பர் போட்டுக் குடு," என்றான். போட்டுக் கொடுத்தேன்.

"அலிசன்? அப்பா பேசறேன். அந்த ரூமை யாருக்கும் குடுத்துடாத... இல்ல, பாஸாகல... இல்லம்மா, அவ பாஸாகறதுக்கும் நாங்க வர்றதுக்கும் சம்பந்தமில்ல. ஈஸ்டருக்கு வந்துடறோம்... அம்மா பக்கத்துலதான் இருக்கா. நல்லா இருக்கா. கை முழுக்கக் கரி." கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கண்ணு பத்தி. இரு, உக்காந்துக்கறேன்."

நான் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். இந்த நாள் வரும்போது துள்ளிக் குதிப்பேன் என்று எத்தனையோ வருடம் நினைத்திருந்தேன். தூங்கினால் போதும் என்றுதான் இருந்தது. பக்கத்து அறையில் நார்மன் மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தான். சாக்பீஸைப் பற்றியும் சொன்னான். முழங்காலை நான் வட்டம் என்று காட்டியதாக மாற்றிச் சொன்னான். நான் திருத்தவில்லை.

பேசி முடித்து வெளியே வந்தபோது கதவில் தோளை இடித்துக்கொண்டு, வழக்கம்போல அதைத் திட்டினான்.

"அங்க கதவெல்லாம் அகலம்," என்றேன். "அலிசன் அளந்து கட்டியிருக்கா."

"நல்ல பொண்ணு," என்றான். என் பக்கத்தில் இடம் தேடிக் கையை நீட்டினான். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு பேரும் கரியோடு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தோம். மேலே ஏறவேண்டிய படிகள் எல்லாம் அப்படியேதான் இருந்தன.

"டீ போடட்டுமா?" என்றான்.

"நீ கோப்பையை எங்க வெப்பேன்னு எனக்குப் பயமா இருக்கு."

"உன் கையில வெக்கறேன்," என்றான்.